மருந்தால் வந்த தீங்குக்கு யார் பொறுப்பு?

 

 

2022-ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியா என்ற சிறிய முஸ்லிம் நாட்டில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்குச் சளியும் காய்ச்சலும் வந்தன. பெற்றோர் வழக்கம்போல மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் கொடுத்தார்கள். சில நாட்களில் அந்தக் குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றது, சிறுநீரகம் செயலிழந்தது. ஏறத்தாழ எழுபது குழந்தைகள் இறந்துபோயினர். அந்த மருந்துகள் நம் நாட்டில், ஹரியானா மாநிலத்தில் தயாரானவை. அவற்றில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் கலந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டு அக்டோபரில் எச்சரித்தது. அதே ஆண்டில் இந்தோனேசியாவில் இப்படிப்பட்ட சிரப்புகளால் இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். உஸ்பெகிஸ்தானிலும் இதே கதைதான்.

இதெல்லாம் எங்கோ தூரத்தில் நடந்தது என்று நாம் இருந்துவிட முடியாது. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஓர் இருமல் மருந்தைக் குடித்து மாண்டார்கள். அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு அரசின் பரிசோதனையில் அதில் 48.6 சதவீதம் அந்த நச்சுப்பொருள் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவோ 0.1 சதவீதம்.

இப்போது கேள்வி இதுதான். அந்தக் குழந்தையைக் கொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. தாய் அன்போடு ஊட்டினாள். மருத்துவர் நோய் தீரத்தான் எழுதிக்கொடுத்தார். கடைக்காரர் சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். கம்பெனிக்காரர் விற்பனைக்காகத் தயாரித்தார். அப்படியானால் மறுமையில் அந்தக் குழந்தை யாருடைய சட்டையைப் பிடிக்கும்? நம் மார்க்கம் இதற்கு என்ன பதில் சொல்கிறது? இன்று அதைத்தான் சிந்திக்கப் போகிறோம்.

விதி என்று சொல்லித் தப்பிக்கலாமா?

இப்படியொரு சம்பவம் நடந்தால் நம்மில் பலர் உடனே சொல்வது, "அல்லாஹ்வின் நாட்டம், அவ்வளவுதான் ஹயாத்து" என்பது. உண்மைதான். அஜல் வந்தால் ஒரு நொடி முந்தாது, பிந்தாது. அது நம் ஈமான்.

ஆனால் அந்த வார்த்தையை யார் சொல்கிறார் என்று பாருங்கள். குழந்தையை இழந்த தந்தை சொன்னால் அது ஸப்ர். மருந்தில் விஷம் கலந்தவர் சொன்னால் அது தப்பித்தல். அந்நிஸா அத்தியாயத்தின் 92-ஆவது வசனத்தைப் பாருங்கள். ஒரு முஃமினைத் தவறுதலாக, நோக்கமே இல்லாமல் கொன்றுவிட்டவர் மீதுகூட அல்லாஹ் இரண்டு கடமைகளை விதிக்கிறான். ஓர் அடிமையை விடுதலை செய்வது, இறந்தவரின் குடும்பத்துக்குத் தியத் எனும் ஈட்டுத்தொகையை ஒப்படைப்பது. இறந்தவரின் அஜல் முடிந்துதான் இறந்தார் என்பதை அல்லாஹ்வைவிட அறிந்தவர் யார்? அவனே ஈட்டுத்தொகை கொடு என்கிறான். ஆகவே கழா கத்ரை நம்புவதும், செய்த செயலுக்குப் பொறுப்பேற்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

அந்த வசனத்தில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. குடும்பத்தார் தாமாக விட்டுக்கொடுத்தாலே தவிர அந்தத் தொகை நீங்காது. மன்னிக்கும் உரிமை இழந்தவர்களுடையது. இன்று என்ன நடக்கிறது? ஏழை வீட்டில் ஒரு மரணம் என்றால் பெரிய மனிதர்கள் நாலு பேர் போய் உட்கார்ந்து, "போன உயிர் திரும்பியா வரப் போகிறது, அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள்" என்று நெருக்கிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அது மன்னிப்பாகாது. அழுத்தத்தில் பிடுங்கிய மன்னிப்புக்கு அல்லாஹ்விடம் என்ன மதிப்பு இருக்கும்? மத்தியஸ்தம் பேசப் போகும் ஜமாஅத் நிர்வாகிகள் இதை மனதில் வைக்க வேண்டும்.

பாவம் வேறு, பொறுப்பு வேறு

சகோதரர்களே! நம் ஃபுகஹாக்கள் இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று இத்மு, அதாவது பாவம். மற்றொன்று ளமான், அதாவது ஏற்பட்ட இழப்பை ஈடு செய்யும் பொறுப்பு. பாவத்துக்கு நிய்யத்தும் அலட்சியமும் பார்க்கப்படும். ளமானுக்கு, செயலால் ஒருவருக்கு இழப்பு வந்ததா என்பதே முதலில் பார்க்கப்படும். தூக்கத்தில் புரண்டு அடுத்தவர் பொருளை உடைத்தவருக்குப் பாவம் இல்லை. ஆனால் பொருளின் விலையைக் கொடுத்தாக வேண்டும்.

இந்த வேறுபாடு தெரியாததால்தான் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. "நான் வேண்டுமென்றா செய்தேன்?" என்று சொல்லி ஒருவர் நஷ்டஈட்டிலிருந்து நழுவுகிறார். இன்னொரு பக்கம், தெரியாமல் நடந்த தவறுக்காக ஒரு மருத்துவரைக் கொலைகாரர் என்று அழைத்து ஆஸ்பத்திரியை அடித்து நொறுக்குகிறார்கள்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்ததாக முஸன்னஃப் அப்துர் ரஸ்ஸாக்கில் ஒரு செய்தி வருகிறது. விசாரணைக்காக ஒரு பெண்ணை அவர்கள் அழைத்தனுப்பினார்கள். அந்தப் பெண் அச்சத்தில் வழியிலேயே குறைப்பிரசவமாகி, குழந்தை இறந்துவிட்டது. உமர் (ரலி) தோழர்களிடம் ஆலோசித்தார்கள். உங்கள் மீது எதுவும் இல்லை, நீங்கள் ஆட்சியாளராக உங்கள் கடமையைத்தானே செய்தீர்கள் என்று சிலர் கூறினர். அலீ (ரலி) அவர்களோ, அந்தக் குழந்தையின் தியத் உங்கள் மீது கடமை என்று கருத்துரைத்தார்கள். உமர் (ரலி) அதையே ஏற்றார்கள். இந்த அறிவிப்பின் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்கள் விமர்சித்திருந்தாலும், ஃபிக்ஹ் நூல்கள் இதைப் பொறுப்பின் பாடத்தில் எடுத்துப் பேசுகின்றன. ஆட்சியாளர் தம் நல்ல நோக்கத்தைக் கேடயமாகப் பிடிக்கவில்லை என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

மருத்துவர் எப்போது பொறுப்பாளி?

மருத்துவ அறிவு உள்ளவராக அறியப்படாத ஒருவர் வைத்தியம் பார்த்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தியுள்ளார்கள். அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் இந்த ஹதீஸ் இடம்பெறுகிறது. இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் ஸாதுல் மஆத் நூலில் இந்த ஹதீஸை விளக்கும்போது மருத்துவர்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியது இன்றைய நீதிமன்றத்திலும் பேசலாம் போலிருக்கிறது.

முதலாமவர், தேர்ந்த மருத்துவர். நோயாளியின் அனுமதி பெற்று, செய்ய வேண்டியதை முறையாகச் செய்தார். கை தவறவில்லை. ஆனாலும் சிகிச்சையால் தீங்கு வந்துவிட்டது. இவர் மீது ளமான் இல்லை. இன்று நாம் பக்கவிளைவு என்று சொல்வதில் பெரும்பகுதி இதில் அடங்கும். கேன்சருக்குக் கொடுக்கும் மருந்தில் முடி கொட்டுகிறது, வாந்தி வருகிறது. முன்பே சொல்லி, நோயாளி சம்மதித்துக் கொடுத்த மருந்துக்காக மருத்துவரைக் குற்றம் சொல்வது அநீதி.

இரண்டாமவர், கல்வி இல்லாமல் வைத்தியர் போல் நடித்தவர். நோயாளி அவரை மருத்துவர் என்று நம்பி உடலைக் கொடுத்திருந்தால் அவர் முழுப் பொறுப்பாளி. இவருக்கு அறிவே இல்லை என்று தெரிந்தும் ஒருவர் போய் அனுமதித்திருந்தால் ளமான் கேட்க முடியாது என்கிறார்கள் இமாமவர்கள். தெரிந்தே போலி வைத்தியரிடம் போகிறவர்களுக்கு இதில் எச்சரிக்கை இருக்கிறது.

மூன்றாமவர், தேர்ந்தவர்தான், கை தவறிவிட்டது. பாவம் இல்லை, ஆனால் ளமான் உண்டு. நான்காமவர், தேர்ந்தவர், யோசித்து மருந்து எழுதினார், அந்த முடிவு பிழையாகி நோயாளி இறந்தார். அந்த ஈட்டுத்தொகையை மருத்துவரின் ஆகிலா எனும் உறவுக் கூட்டம் தருமா, பைத்துல்மால் தருமா என்பதில் இரண்டு கருத்துகள். ஐந்தாமவர், நோயாளியின் அனுமதியோ பொறுப்பாளரின் அனுமதியோ இல்லாமல் அறுத்தவர். திறமைசாலியாக இருந்தும் பெரும்பாலோரின் கருத்துப்படி பொறுப்பாளி.

அனுமதி என்று சொன்னவுடன், அறுவை சிகிச்சைக்கு முன் வாங்கும் கையெழுத்து நினைவுக்கு வரும். அந்தக் கையெழுத்து சிகிச்சையோடு ஒட்டிய ஆபத்தைத்தான் ஏற்றுக்கொள்கிறது. அலட்சியத்துக்கு யாரும் முன்கூட்டியே அனுமதி கொடுப்பதில்லை. புரியாத மொழியில் அச்சடித்த தாளில், விளக்காமல் வாங்கிய கைநாட்டை மார்க்கம் சொல்லும் அனுமதியாக எப்படி எடுத்துக்கொள்வது?

தயாரிப்பவரும் விற்பவரும்

மருத்துவரைத் தாண்டி மருந்து செய்பவருக்கு வருவோம். லாபம் யாருக்கோ அவருக்கே நஷ்டத்தின் பொறுப்பும் உண்டு என்பது நபிமொழியிலிருந்து எடுக்கப்பட்ட ஃபிக்ஹ் விதி. அல்கராஜ் பிள்ளமான் என்று அதைச் சொல்வார்கள். ஒரு பாட்டிலின் லாபத்தை எடுத்துக்கொள்பவர், அந்தப் பாட்டிலால் வரும் தீங்கை மட்டும் தாயின் தலையிலும் விதியின் தலையிலும் போட்டுவிட்டுப் போக முடியாது.

நேரடியாகச் செய்தவர் இருக்க, காரணமாக இருந்தவர் மீது பொறுப்பு எப்படி வரும் என்று ஒருவர் கேட்கலாம். ஃபிக்ஹில் முபாஷிர், முதஸப்பிப் என்று இந்த இருவரையும் பிரிப்பார்கள். பொதுவாக நேரடியாகச் செய்தவர்தான் பொறுப்பு. ஆனால் காரணமானவர் வரம்பு மீறியிருந்தால், ஏமாற்றியிருந்தால், அவரும் பிடிபடுவார். விஷம் என்று தெரியாமல் ஊட்டிய தாயைப் பிடிப்பதா, அதைப் பரிசோதிக்காமல் அனுப்பியவரைப் பிடிப்பதா? சிரப்பில் சேர்க்க வேண்டிய மூலப்பொருளுக்குப் பதிலாகத் தொழிற்சாலைகளில் பயன்படும் மலிவான திரவம் வந்துசேர்ந்தால் அதை ஒரு சோதனையில் கண்டுபிடித்துவிடலாம். அந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டதற்குப் பெயர் தவறுதல் அல்ல. அது அமானத்தில் செய்த மோசடி.

மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் இல்லை என்று எச்சரித்தார்கள். முஸ்லிமில் உள்ள சம்பவம் இது. மழை அந்த வியாபாரியின் குற்றமில்லை. ஈரத்தை அடியில் மறைத்ததே குற்றம். மருந்துக்கும் இதே அளவுகோல்தான். பக்கவிளைவு இருப்பது குற்றமல்ல. தெரிந்த பக்கவிளைவை அடியில் புதைப்பது குற்றம்.

தாலிடோமைடு என்ற மருந்தின் கதையைக் கேளுங்கள். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் பாதுகாப்பான தூக்க மருந்து என்ற விளம்பரத்தோடு விற்பனைக்கு வந்தது. நரம்புகள் பாதிக்கப்படுவதாக மருத்துவர்களிடமிருந்து புகார்கள் வந்தபோதும் விற்பனை தொடர்ந்தது. கர்ப்பிணிகள் உட்கொண்டதால் உலகம் முழுவதும் பல ஆயிரம் குழந்தைகள் கையும் காலும் வளராமல் பிறந்தன. 1961 நவம்பரில்தான் திரும்பப் பெற்றார்கள். 1968-இல் தொடங்கிய குற்ற வழக்கு 1970-இல் தண்டனை இல்லாமலே நிறுத்தப்பட்டது. இழப்பீடு கொடுத்தார்கள். ஆனால் அந்த நிறுவனம் வாய்திறந்து மன்னிப்புக் கேட்டது 2012-இல். ஐம்பது ஆண்டுகள்!

அதற்கும் முன்னால், 1937-இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் சல்ஃபனிலமைடு மருந்தை இதே டை எத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றது. நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றைய சட்டத்தில் மருந்தைச் சோதித்து விற்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. எனவே அந்த நிறுவனத்தின் மீது சுமத்த முடிந்த குற்றம், எலிக்ஸர் என்ற பெயர் வைத்துவிட்டு அதில் ஆல்கஹால் சேர்க்கவில்லை என்பது மட்டும்தான்! பெயர்க் குற்றத்துக்கு அபராதம் கட்டினார்கள். அடுத்த ஆண்டு, 1938-இல் புதிய சட்டம் வந்தது. இந்த இரண்டு வழக்குகளும் ஒரு முஃமினுக்குச் சொல்வது என்ன? உலகின் நீதிமன்றம் சட்டத்தின் எழுத்தோடு நின்றுவிடலாம். அதில் தப்பியவர் அல்லாஹ்விடம் தப்பியவர் ஆகமாட்டார்.

அரசும் தப்ப முடியாது. ஹிஜ்ரி 319-இல், அதாவது கி.பி. 931-இல், பாக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் ஒருவர் இறந்தார். செய்தி கலீஃபா முக்ததிருக்குப் போனது. ஸினான் இப்னு ஸாபித் என்ற தலைமை மருத்துவரிடம் தேர்வு பெறாத யாரும் வைத்தியம் செய்யக் கூடாது என்று அவர் உத்தரவிட்டார். எண்ணூறுக்கும் அதிகமானோர் சோதிக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்காக எழுதப்பட்ட கையேடுகளில் மருந்து விற்பவர்களின் கலப்படங்களைக் கண்டுபிடிக்கத் தனிப் பாடங்களே உண்டு. ஓர் உயிர் போனதற்கு அன்று ஒரு நகரமே விழித்தது.

நம் வீட்டுக்குள் இருக்கும் மருந்து

அன்பிற்கினிய சகோதரர்களே! கம்பெனிகளைப் பேசுவது எளிது. நம் பக்கம் பார்ப்போமா?

இன்று நம் மஹல்லாக்களில் சுகர் பவுடர், மூட்டுவலி லேகியம், உடல் எடை குறைக்கும் கேப்ஸ்யூல் என்று ஊட்டச்சத்து என்ற பெயரிலும் மூலிகை என்ற பெயரிலும் எத்தனை விற்பனை! எல்லாவற்றிலும் ஒரு வாசகம்: பக்கவிளைவு இல்லாதது. இயற்கையானது என்றால் தீங்கில்லாதது என்று யார் சொன்னது? 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்தபோது 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்றவை இருந்தன. வலிக்கு உடனே சுகம் தரும் "மூலிகை"யில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் நம் மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பதுதான்.

அதைவிட வேதனை, திப்புன் நபவீ என்று நபி (ஸல்) அவர்களின் பெயரை ஒட்டி விற்பது. கருஞ்சீரகத்தின் சிறப்பு புகாரியில் இருக்கிறது, அதை நம்புகிறோம். தேனில் ஷிஃபா இருப்பது குர்ஆனில் இருக்கிறது, அதையும் நம்புகிறோம். ஆனால் இன்சுலினை நிறுத்திவிட்டு என் பாட்டிலைக் குடி என்று எந்த ஹதீஸில் இருக்கிறது? ஸஅது (ரலி) அவர்கள் நோயுற்றபோது, ஸகீஃப் குலத்து மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் போகும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது அபூதாவூதில் வருகிறது. அறிந்தவரிடம் அனுப்புவதும் நபிவழிதான். பொய்யான வாக்குறுதிக்கு மேல் நபியின் பெயரை ஒட்டுபவர், நோயாளி இறந்தால் உயிருக்கும் பொறுப்பு, அந்தப் பெயருக்கு வந்த பழிக்கும் பொறுப்பு.

பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒரு தோழரின் செய்தி உங்களுக்குத் தெரியும். அவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துவிட்டார். நபி (ஸல்) அவர்களுக்குச் செய்தி எட்டியபோது, அவர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடுமையாகக் கண்டித்து, தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா என்றார்கள். இதுவும் அபூதாவூதில் உள்ளது. அவர்கள் தண்ணீர் ஊற்றவில்லை. ஒரு வார்த்தை சொன்னார்கள், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் மருத்துவக் குறிப்பை நாலு குழுவுக்கு அனுப்பும் விரல் அந்த வார்த்தையைவிடப் பாதுகாப்பானதா?

நாட்டின் சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. சர்க்கரை நோய் போன்ற பல நோய்களைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறைபாடுள்ள பொருளால் வந்த தீங்குக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. தயாரிப்பாளர் சொல்லாத உறுதியை விற்பவர் தானாகச் சொல்லி, பொருள் அப்படி அமையாமல் தீங்கு நேர்ந்தால், விற்றவரும் பொறுப்பாவார். "நான் வாங்கித்தானே விற்றேன்" என்பது எப்போதும் கைகொடுக்காது.

பயத்தால் மருத்துவமே நின்றுவிடாதா?

ஒரு நியாயமான கேள்வி உண்டு. எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்றால் யார் மருந்து செய்வார், யார் கத்தியைத் தொடுவார்? நம் அறிஞர்கள் இதை யோசிக்காமல் இல்லை. அதனால்தான் முறையாகச் செய்த மருத்துவரை விடுவித்தார்கள். அதனால்தான் தவறிய மருத்துவரின் சுமையை அவர் ஒருவர் தோளில் வைக்காமல் ஆகிலாவுக்கும் பைத்துல்மாலுக்கும் பகிர்ந்தார்கள். 1986-இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றி, குழந்தைகளுக்கான தடுப்பூசியால் அரிதாக வரும் பாதிப்புக்கு ஒரு நிதியிலிருந்து இழப்பீடு தர ஏற்பாடு செய்தது. ஒவ்வொரு தடுப்பூசியின் மீதும் விதித்த சிறு வரியிலிருந்து அந்த நிதி வருகிறது. பலருக்கும் பயன் தரும் ஒன்றால் ஒருவர் பாதிக்கப்பட்டால், பயன் பெற்ற எல்லோரும் சேர்ந்து அவரைத் தாங்க வேண்டும் என்ற அதே சிந்தனை.

ஆனால் நம் ஊரில், யார் மீதும் குற்றம் இல்லாத பக்கவிளைவால் படுக்கையில் விழுந்தவரை யார் தாங்குவது? சட்டம் மருத்துவரை விடுவித்துவிட்டது. வீட்டில் அரிசி இல்லை. அங்கேதான் ஜமாஅத்தின் பைத்துல்மாலும் நம் ஸகாத்தும் போய் நிற்க வேண்டும்.

இந்தோனேசியக் குடும்பங்களுக்கு 2024-இல் ஜகார்த்தா நீதிமன்றம் தலா ஆறு கோடி ரூபியா வரை கொடுக்க உத்தரவிட்டது. நம் பணத்தில் சுமார் மூன்று லட்சம் ரூபாய். ஒரு குழந்தைக்கு அது விலையாகுமா? ஆகாது. தியத்தும் உயிரின் விலை அல்ல. "உங்களுக்கு நேர்ந்தது எங்களால் நேர்ந்தது" என்ற ஒப்புதல் அது. அந்த ஒப்புதல் இல்லாமல் கொடுக்கும் கோடியும் பிச்சையாகத்தான் போய்ச் சேரும்.

நாம் செய்ய வேண்டியவை

மருத்துவரிடம் போகும்போது நாம் சாப்பிடும் லேகியம், சூரணம், கேப்ஸ்யூல் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் எழுதும் மருந்தோடு அது மோதலாம். அந்தத் தீங்கில் நமக்கும் பங்கு உண்டு.

மருந்தால் பாதிப்பு வந்தால் பொறுமை என்ற பெயரில் வாய்மூடி இருக்காதீர்கள். மருந்துகளின் தீய விளைவுகளைப் பதிவுசெய்ய 2010 முதல் தேசிய அளவில் ஒரு திட்டம் இருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே புகார் சொல்லலாம். சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளானது என்று அல்பகரா 283-ஆவது வசனம் எச்சரிக்கிறது. உங்கள் சாட்சியம் அடுத்த வீட்டுக் குழந்தையைக் காப்பாற்றக்கூடும். பாட்டிலையும் பில்லையும் தூக்கி எறியாதீர்கள்.

மருத்துவர்கள் மீது கை ஓங்காதீர்கள். விசாரிக்காமல் பழி சுமத்துவது இன்னோர் அநீதி.

மருந்துத் தொழிலிலும் கடையிலும் இருக்கும் சகோதரர்களே! உங்கள் கையிலுள்ள பாட்டிலை உங்கள் பிள்ளையின் வாயில் ஊற்றத் தயங்குவீர்கள் என்றால், அதை அடுத்தவர் பிள்ளைக்கு விற்காதீர்கள். காலாவதியான மருந்தின் தேதியைக் கட்டைவிரலால் மறைத்துக் கொடுப்பவர், அந்தத் தானியக் குவியலின் ஈரத்தை மறைத்தவரின் இடத்தில் நிற்கிறார். இதுவரை தெரிந்தே ஒருவருக்குத் தீங்கு வந்திருந்தால் தவ்பா மட்டும் போதாது. அடியானின் உரிமை அடியானிடம்தான் தீரும். போய்ச் சொல்லுங்கள், ஈடு செய்யுங்கள், மன்னிப்புக் கேளுங்கள். தீனாரும் திர்ஹமும் செல்லாத அந்த நாளில் நம் நன்மைகள்தான் கரையும்.

யா அல்லாஹ்! தவறான மருந்தால் மாண்ட குழந்தைகளின் பெற்றோருக்கு அழகிய பொறுமையைத் தருவாயாக! நோயாளிகளுக்குப் பரிபூரண ஷிஃபாவைத் தருவாயாக! மருத்துவர்களுக்கு அறிவையும் அச்சத்தையும் தருவாயாக! எங்கள் வியாபாரத்தில் யாருடைய உயிரின் கண்ணீரும் கலக்காமல் காப்பாயாக! செய்த பிழைக்குப் பொறுப்பேற்கும் துணிவை எங்களுக்குத் தருவாயாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.